கை ஊன்றாமல்

அம்மா குளியலறைத் தரையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வழுக்கி விழவில்லை, அடி எதுவும் படவில்லை. கைநழுவிப் போன சோப்பை எடுக்கக் குனிந்தவள், எட்டாமல் போகவே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். எழப் பார்த்தபோது கால் வரவில்லை. கடைக்குப் போய்விட்டு நான் திரும்பியபோது உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்டது. "ஒண்ணுமில்லட்டி, பதறாத. எந்திரிக்க முடியல, அவ்வளவுதான்."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். 76 வயது, 52 கிலோ. நின்றதும் சேலையைச் சரிசெய்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது மட்டும், "கொடத்த இடுப்புல வச்சிக்கிட்டு கெணத்துமேடு ஏறுன காலு இது" என்றாள். என்னிடம் சொன்னதாகவும் தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தோம், ரத்தம் சோதித்தோம். மருத்துவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "வயசுக்கு நல்லாவே இருக்காங்க. தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்க" என்றார். இதே சொல்லைப் பல வருடங்களுக்கு முன்னால் வேறொரு மருத்துவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா நடந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து, மழை நாள் தவிர ஒருநாள் விடாமல், வாய்க்கால் கரையோரம் ஒரு மணி நேரம் நடந்தார். இதயம் நன்றாக இருந்தது, சர்க்கரை எல்லைக்குள் நின்றது. ஆனால் சாய்வு நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி, முன்னும் பின்னும் ஒருமுறை ஆடி, மூன்றாவது எத்தனத்தில்தான் எழுந்தார். அதை வயது என்று எடுத்துக்கொண்டோம். 79 வயதில் வாசல்படியில் கால் தடுக்கியது. தடுமாறிய நொடியில் அடுத்த காலை எடுத்து வைத்துத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஐந்தாம் மாதம் போய்விட்டார். அந்த எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

நடப்பதை நான் குறை சொல்லவில்லை. இதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் மனத்துக்கும் அது செய்வதை வேறெதுவும் அவ்வளவு மலிவாகச் செய்யாது. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடையிடம் நாம் கேட்பது மிகக் குறைவு. உடம்பை ஓரடி முன்னால் நகர்த்தினால் போதும். தசை கேட்டதை மட்டும் கொடுக்கும். கேட்காததை மெல்ல விட்டுவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதற்கும், தடுக்கிய காலைச் சட்டென்று முன்னால் வீசுவதற்கும் வேண்டிய வலுவை அப்பாவிடம் இருபது வருடமாக யாரும் கேட்கவில்லை. வாய்க்கால் கரையும் கேட்கவில்லை.

தசை குறைவதற்கு நம் பேச்சில் நோய்ப்பெயர் கிடையாது. 'தெம்பு போயிட்டு' என்போம், 'வயசாச்சுல்லா' என்போம். மருத்துவத்திலும் வெகுகாலம் பெயர் இல்லாமல்தான் இருந்தது. 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர், முதுமையில் குறைகிறவற்றுள் தசையைப் போல வெளிப்படையாகக் குறைவது வேறில்லை, ஆனாலும் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை, முதலில் ஒரு பெயர் வைப்போம் என்று சொல்லி, கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து 'சார்கோபீனியா' என்று வைத்தார். சதைக்குறைவு என்று பொருள். நோய்களுக்கான அமெரிக்கக் குறியீட்டுப் பட்டியலில் அது இடம்பெற 2016 வரை ஆனது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குமேல் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் வேகமாக இறங்குகிறது. தசை இழைகளில் நிதானமாக நெடுநேரம் உழைப்பவை உண்டு, சட்டென்று வெடித்து உழைப்பவை உண்டு. வயதாகும்போது முதலில் சுருங்குவது இரண்டாவது வகை. தடுக்கும்போது நம்மைக் காப்பாற்றுவதும் அதுதான். அப்பா எதனால் விழுந்தார் என்பது இதைப் படித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அம்மாவின் காலுக்கு என்ன ஆயிற்று? அவள் உரலில் நெல் குத்தியவள். கிணற்றில் நீர் இறைத்தவள், அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் வாழ்க்கையில் பாதியைக் கழித்தவள். எங்கள் வீட்டுக்கு முதலில் மோட்டார் வந்தது, அப்புறம் மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு. சென்னைக்கு வந்தபின் கட்டில், சாப்பாட்டு மேசை, உட்காரும் கழிப்பறை. குத்தவைத்து எழுகிற வேலை நாளுக்கு இருபது முப்பது தடவை இருந்தது. ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் ஒன்றுகூட இல்லாமல் போனது. அந்தக் கருவிகள் வந்ததற்காக நான் வருந்தவே மாட்டேன். பழைய காலத்துப் பெண்கள் உரலில் இடித்தே உரமாக இருந்தார்கள் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வரும். என் அத்தை பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் புல்லுக்கட்டு தூக்கினாள். நாற்பது வயதில் கர்ப்பப்பை இறங்கி, அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வயல்வேலை செய்தாள். கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள்களின் கழுத்தையும், சந்தையில் மூட்டை இறக்குபவர்களின் முதுகையும் பார்த்தவர் எவரும் உழைப்பையும் உடற்பயிற்சியையும் ஒன்றென்று சொல்லமாட்டார்.

பயிற்சியில் சுமை அளவாக ஏறுகிறது. தூக்கியபின் ஓய்வு உண்டு, ஓய்வில்தான் தசை தன்னைச் சீர்செய்துகொண்டு முன்னைவிடச் சற்றுத் தடிக்கிறது. அதற்கான சோறும் பருப்பும் முட்டையும் கிடைக்கிறது. வலித்தால் நிறுத்திக்கொள்ளும் உரிமை தூக்குபவருடையது. அத்தைக்கு இந்த நான்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. சுமையின் அளவை அவள் தீர்மானிக்கவில்லை, ஓய்வு இல்லை, கடைசிப் பந்தியில் மிஞ்சியதைத் தின்றாள், வலித்தாலும் தூக்கினாள். அதே எடைதான், அவளை அது தேய்த்தது.

எதிர்ப்பக்கத்தில் அப்பா இருந்தார். பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொள்ள யாராவது ஓடி வருவார்கள். வாத்தியார் கையில் பை இருக்கலாமா? அதை மரியாதை என்றார்கள், அவரும் அப்படித்தான் நம்பினார். நம்மிடையே யார் தூக்குவது, யார் தூக்கச் சொல்வது என்பதைச் சாதி ஒருபக்கம் எழுதி வைத்திருக்கிறது, ஆண் பெண் வேறுபாடு இன்னொரு பக்கம் எழுதி வைத்திருக்கிறது. படித்து மேலே வருவது என்றாலே தலைச்சுமையை இறக்கி வைப்பதுதான் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். அடிமைச் சுமையை இறக்கி வைத்தது நியாயம். ஆனால் அதோடு சேர்த்து, ஒரு பொருளைத் தூக்குவதே கீழான வேலை என்ற எண்ணத்தையும் வைத்துக்கொண்டுவிட்டோம். அத்தையைச் சுமை தேய்த்தது, அப்பாவைச் சுமையின்மை தேய்த்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த வழியை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப்போர் முடியும் நேரம், சிகாகோ ராணுவ மருத்துவமனையில் முழங்கால் பழுதான சிப்பாய்கள் நிறைந்து கிடந்தார்கள். மெலிந்த தசைக்கு லேசான அசைவே போதும், பலமுறை செய்தால் சரியாகும் என்பது அன்றைய வழக்கம். டிலார்ம் இளம்வயதில் வாதக்காய்ச்சலில் படுத்துக் கிடந்து, பிறகு எடை தூக்கித் தேறியவர். அவர் சிப்பாய்களின் காலில் கனத்த எடையைக் கட்டி, சிலமுறை மட்டும் தூக்கவைத்து, அந்த எடையை வாரந்தோறும் கூட்டினார். 1945-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் 'கனமான எதிர்ப்புப் பயிற்சி' என்று பெயர் வைத்தவர், பிறகு 'படிப்படியாகக் கூடும் எதிர்ப்புப் பயிற்சி' என்று மாற்றினார். எனக்கு அந்த இரண்டாவது பெயர்தான் பிடிக்கும். விஷயம் முழுதும் 'படிப்படியாக' என்ற சொல்லில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊர்களில் இந்தச் சொல்லை ஏதோவொரு வகையில் தெரிந்தே வைத்திருந்தார்கள். கோயில் மந்தையில் இளவட்டக்கல் கிடக்கும். உருண்டையாக, பிடிமானம் இல்லாமல், மழமழவென்று இருக்கும். முதலில் முழங்காலுக்கு, அப்புறம் மடிக்கு, மார்புக்கு, தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடவேண்டும். பெண் கேட்டு வருபவனைத் தூக்கச் சொன்ன கதை ஊருக்கு ஊர் உண்டு. ஒரே நாளில் யாரும் அதைத் தூக்கிவிடவில்லை. சிறிய கல், அடுத்த கல் என்று பையன்கள் வருடக்கணக்கில் பழகினார்கள். மந்தையில் இடம் ஆண்களுக்கு மட்டுந்தான். நெல்மூட்டையைத் தூக்கி அடுக்கிய என் அம்மாவை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் பெண்களும் கல் தூக்குகிறார்கள். செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.

குளியலறை நாளுக்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்ததில், மனத்தை விட்டு நீங்காதது 1990-இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வு. மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். வாரம் மூன்று நாள், எட்டு வாரம், தொடைத் தசைக்கு மட்டும் பயிற்சி. லேசான பயிற்சி என்று நினைத்துவிடக்கூடாது. அவரவரால் ஒருமுறை தூக்கமுடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை கொண்டுபோனார். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. நடுத்தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம். இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்தில் வலுவில் 32 சதவீதம் திரும்பிப் போனது என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். தொண்ணூறு வயதிலும் தசை கேட்டால் கொடுக்கிறது. கேட்பதை நிறுத்தினால் தொண்ணூறில் மிக வேகமாகப் பின்வாங்குகிறது.

தசை பத்து சதவீதங்கூட வளராமல் வலு மட்டும் இத்தனை மடங்கு ஏறியது எப்படி என்று கேட்கலாம். முதல் சில வாரங்களில் மாறுவது பெரும்பாலும் நரம்பு. தூங்கிக்கிடந்த இழைகளை மூளை திரும்ப எழுப்பி, ஒரே நேரத்தில் இழுக்கப் பழக்குகிறது. சதை போடுவது அதற்குப் பின்னால் மெல்ல நடப்பது. ஆகவே பதினைந்து நாளில் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடுபவர்கள், பலன் உள்ளே தொடங்கிவிட்ட நேரத்தில் விடுகிறார்கள்.

சர்க்கரை பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழ் வீடுகளில் அந்தச் சொல் நுழையாத வீடு குறைவு. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-இல் சொன்னது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். இன்சுலின் தூண்டி உள்ளே அனுப்பும் சர்க்கரையில் ஏறக்குறைய 80 சதவீதம் அங்கேதான் போகிறது. கிடங்கு சிறுத்தால் சரக்கு தெருவில் நிற்கும். வேலை செய்யும் தசை இன்சுலின் வரும்வரைகூடக் காத்திராமல் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2004-இல் லான்செட் இதழில் இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் படத்தையே போட்டு ஒருபக்கக் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்பில் தசை குறைந்து, கொழுப்பு ஒளிந்திருக்கிறது. 'நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

எலும்பும் தசையின் பேச்சைக் கேட்கிறது. சுமை ஏறினால் எலும்பு இறுகுகிறது. ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் பெலிண்டா பெக் குழுவினர், மாதவிடாய் நின்று எலும்பு தேயத் தொடங்கிய 101 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் இருமுறை, அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான எடைப்பயிற்சி கொடுத்தார்கள். எலும்பு மெலிந்தவர்கள் கனத்தைத் தொடவே கூடாது என்று அதுவரை சொல்லிவந்தார்கள். தேர்ந்தவர் ஒருவர் கூடவே நின்று பார்த்துக்கொண்டார். முடிவில் தூக்கியவர்களின் இடுப்புமுதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது, தூக்காதவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. 2018-இல் வெளியான முடிவு இது. ஐம்பது தாண்டிய நம் பெண்களிடம் கால்சியம் மாத்திரைச் சீட்டோடு இதையும் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோ தம்பி செவ்வாயும் வெள்ளியும் வந்தார். முதல்நாள் அவர் கொண்டுவந்தது ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியில் இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் உட்காரச் சொன்னார். "கைய நெஞ்சுல கட்டிக்கோங்க பாட்டி. இப்ப எந்திரிங்க." அம்மா எழுந்தாள். உட்கார்ந்தாள். எட்டாவது தடவை தொடை நடுங்கியது. "போதும், இன்னிக்கு இவ்வளவுதான்" என்றார். மறுநாள் காலையில் அம்மா தொடையைத் தடவிக்கொண்டே, "வலிக்கிட்டி. ஆனா இது நோவு வலி இல்ல, வேல செஞ்ச வலி" என்றாள். அறுபது வருடம் உழைத்த உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. மூட்டுக்குள் குத்தினால் நிறுத்து, சதையில் கடுத்தால் ஒருநாள் விட்டுச் செய் என்று தம்பி சொன்னதும் அதைத்தான்.

மூன்று வாரத்தில் ஒரு தலையணை போனது. இரண்டாவது போக இன்னும் ஒரு மாதம். அப்புறம் நாற்காலியைவிடத் தாழ்ந்த முக்காலி. இப்படி உயரம் இறங்க இறங்க எழுவது கடினமாகும். எடையே இல்லாமல் எடையைக் கூட்டும் வழி இது. அதற்குப்பின் அவர் ஒரு கிலோ டம்பெல் இரண்டு கொண்டுவந்தார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கையில் நிற்கவில்லை என்றாள். எவர்சில்வர் குடத்தை எடுத்துவந்து, "இதுல தண்ணி ஊத்தித் தூக்கட்டா?" என்று கேட்டாள். தம்பி யோசித்துவிட்டுச் சரி என்றார். குடத்தை முக்காலியில் வைத்து, கால்களை அகட்டி, முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கி, கழுத்தைப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்து, திரும்ப வைக்கவேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடவேண்டும், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். முதல் வாரம் 2 லிட்டர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு சொம்பு, அரை லிட்டர். கூட்டும் நாளில் சொம்பை நிரப்பி ஊற்றுவது அம்மாதான், என்னை விடமாட்டாள்.

நடுவில் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டாள். எழுந்தபோது குடம் 5 லிட்டரில் அசையவில்லை, மூன்றரைக்கு இறங்கவேண்டியிருந்தது. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து தேறி வீட்டுக்கு வரும் பெரியவர்கள் ஏன் வேறு ஆளாக வருகிறார்கள் என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. வந்ததும் 'பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று கட்டிலிலேயே எல்லாம் கொடுத்து, அன்பினாலேயே அவர்களை மேலும் வலுவிழக்கச் செய்கிறோம்.

சாப்பாட்டையும் மாற்றினோம். அம்மாவின் தட்டில் சோறு மலைபோலவும் குழம்பு அதன்மேல் கோடாகவும் இருக்கும். அவள் வயதுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்றால் நாளொன்றுக்கு ஐம்பது கிராமுக்குமேல். ஒரு முட்டையில் ஆறு கிராம். காலையில் முட்டை, மதியம் மீனோ கெட்டிப் பருப்போ, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி மோருக்குப் பதில் தயிர். டப்பாவில் விற்கும் மாவு எதுவும் வாங்கவில்லை.

பத்தாவது மாதம் குடத்தில் 8 லிட்டர். தரையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் ஒருநாள் ஒரு கையை முழங்காலில் ஊன்றி எழுந்துவிட்டாள், கூப்பிடவில்லை. பிரேசிலில் கிளாடியோ அராயூஜோ என்ற மருத்துவர் 51 முதல் 80 வயதுவரையான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச்சொல்லி, கையோ முழங்காலோ ஊன்றுகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மதிப்பெண் குறைத்துப் பார்த்திருக்கிறார். குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் அடுத்த சில ஆண்டுகளில் இறந்தவர்கள் அதிகம். பதினேழு நாடுகளில், இந்தியாவும் உட்பட, ஏறக்குறைய 1.4 லட்சம் பேரிடம் கைப்பிடியின் இறுக்கத்தை அளந்த ஆய்வொன்றும் உண்டு. இறப்பை முன்கூட்டிக் காட்டுவதில் ரத்த அழுத்தத்தைவிட அந்த இறுக்கம் துல்லியமாக இருந்தது. அதற்காக ரப்பர் பந்தை வாங்கி அமுக்கிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. கைப்பிடி ஒரு ஜன்னல்; அது காட்டுவது முழு உடம்பின் வலுவை. அம்மாவுக்கு இந்த எண்களில் ஆர்வமில்லை. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்த நாளுக்குப் பிறகு போடக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். போட்டுக்கொள் என்றேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டலில், வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான உழைப்போடு, பெரிய தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்று இருக்கிறது; 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி மூன்று நாள். வாக்கியத்தின் முதல்பாதி நம் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது, நல்ல காரியம். இரண்டாம் பாதி இன்னும் வரவில்லை. கிராமங்களில் அரசு கட்டிய உடற்பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. நான் பார்த்த இரண்டிலும் இளைஞர்கள் மட்டுமே இருந்தார்கள். காலை பத்து முதல் பதினொன்று வரை பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் என்று ஊராட்சி ஒரு மணி நேரத்தை ஒதுக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி பிசியோதெரபி ஏற்கெனவே போகிறது. முடங்கியபின் போகிற அந்தக் கால்கள், முடங்குமுன்னும் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போகட்டும்.

இதைப் படிக்கிறவர் வீட்டில் அறுபது தாண்டியவர் ஒருவர் இருந்தால், இன்று சாயங்காலம் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்துமுறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முடியவில்லை என்றால் திட்டாதீர்கள், வயசு என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். இரண்டு தலையணை எடுத்து வாருங்கள்.